சாவுத் தீவு, சந்தோஷத் தீவு ஆன கதை

நாகர்கோவிலில் எந்த டிராவல்ஸ் கடை நோட்டீஸை எடுத்துப் பார்த்தாலும் சிங்கப்பூர் பேக்கேஜ் ஒன்று இருக்கும். நாலு நாள், மூன்று இரவு. திருவனந்தபுரத்தில் விமானம் ஏறினால் நாலு மணி நேரச் சொச்சத்தில் சாங்கி. அந்த நோட்டீஸில் இரண்டாவது நாளோ மூன்றாவது நாளோ கண்டிப்பாக ஒரு பெயர் வரும்: செந்தோசா. கேபிள் கார், யுனிவர்சல் ஸ்டூடியோஸ், நீர்ப் பூங்கா, மீன் காட்சியகம் என்று கமா போட்டு அடுக்கியிருப்பார்கள். ராத்திரி அங்கேயே தங்க வேண்டும் என்றால் அதற்குத் தனிக் கட்டணம். பெரும்பாலும் அந்த வரியைப் பார்த்ததும் நம்ம ஆட்கள் நோட்டீஸை மடித்து வைத்துவிட்டு, லிட்டில் இந்தியாவில் ரூம் போட்டுக்கொள்ளலாம் என்று முடிவு செய்துவிடுவார்கள்.

சிங்கப்பூர்க்காரர்களே இதைக் கிண்டல் செய்வது உண்டு. செந்தோசா என்ற பெயரின் ஆங்கில எழுத்துகளை விரித்து "ஸோ எக்ஸ்பென்சிவ், நத்திங் டு ஸீ ஆக்சுவலி" என்பார்கள். அதாவது விலையோ அதிகம், பார்க்கவோ ஒன்றும் இல்லை! இந்த ஜோக்கில் முதல் பாதி உண்மை. இரண்டாம் பாதி தப்பு. அந்தத் தீவில் பார்க்க நிறைய இருக்கிறது, ஆனால் அதில் முக்கியமானவை டிக்கெட்டில் அச்சடிக்கப்படுவதில்லை.

முதலில் பெயரிலிருந்து ஆரம்பிக்கலாம். 'செந்தோசா' என்பது மலாய்ச் சொல். அமைதி, நிம்மதி என்று பொருள். சமஸ்கிருத 'சந்தோஷ'த்திலிருந்து மலாய்க்குப் போனது. நம்முடைய சந்தோஷமும் அதே வேரிலிருந்து வந்ததுதான். மலாய் மொழியில் இப்படி நிறைய உண்டு. நம்ம கப்பல் அங்கே 'கப்பால்' ஆனது, நம்ம கடை 'கெடாய்' ஆனது. வியாபாரம் போகும் இடமெல்லாம் சொல்லும் கூடவே போகும் போலிருக்கிறது.

ஆனால் இந்தச் சந்தோஷப் பெயருக்கு வயது ஐம்பத்து சொச்சம்தான். அதற்கு முன்னால் அந்தத் தீவின் பெயர் புலாவ் பிளாக்காங் மாத்தி. புலாவ் என்றால் தீவு. பிளாக்காங் என்றால் பின்புறம். மாத்தி என்றால் சாவு. சாவுக்குப் பின்னால் இருக்கும் தீவா, பின்பக்கம் சாவு இருக்கும் தீவா என்று இன்றுவரை சரியான விளக்கம் இல்லை. கடற்கொள்ளைக்காரர்கள் வெட்டிப் போட்ட இடம் என்று ஒரு கதை. தீவின் பின்பக்கம் மண் செத்துப்போய் ஒன்றும் விளையாது, அதனால் வந்த பெயர் என்று இன்னொரு கதை. 19ஆம் நூற்றாண்டில் மலேரியா அங்கே குடியிருந்தவர்களை வாரிக்கொண்டு போனது மட்டும் கதை அல்ல. 'பிளாக்காங் மாத்திக் காய்ச்சல்' என்று அதற்குத் தீவின் பெயரையே வைத்துவிட்டார்கள்.

இப்படிப்பட்ட இடத்தில் வெள்ளைக்காரனுக்கு என்ன வேலை? அதற்கு விடை எகிப்தில் இருக்கிறது. 1869ல் சூயஸ் கால்வாய் திறந்தது. அதுவரை ஆப்பிரிக்காவைச் சுற்றி வந்த கப்பல்களுக்கு வழி சுருங்கியது. காற்றை நம்பும் பாய்மரக் கப்பல்களின் இடத்தை நீராவிக் கப்பல்கள் பிடித்தன. நீராவிக் கப்பலுக்கு நிலக்கரி வேண்டும். சீனாவுக்குப் போகும் வழியில் நிலக்கரி ஏற்ற வசதியான இடம் சிங்கப்பூரின் தெற்குத் துறைமுகம். இன்று அதற்குக் கெப்பல் துறைமுகம் என்று பெயர். அந்தத் துறைமுகத்தின் வாசலில் கதவு மாதிரி கிடக்கிற தீவுதான் பிளாக்காங் மாத்தி. நிலக்கரிக் கிடங்கைக் காப்பாற்ற வேண்டும் என்றால் கதவுக்குக் காவல் போட வேண்டும். அதனால் 1870களின் கடைசியிலிருந்து அங்கே வரிசையாகக் கோட்டைகள் எழும்பின. சிலோசோ, செராப்போங், கன்னாட் என்று கோட்டைகள், இம்பியா குன்றில் ஒரு பீரங்கி மேடை. பீரங்கிப் படையில் வெள்ளைக்காரர்களோடு பஞ்சாப் பக்கத்துச் சீக்கியர்களும் முஸ்லிம்களும் வேலை பார்த்தார்கள். அவர்களுக்கென்று பாரக்ஸ், அதிகாரிகளுக்கு மெஸ், கிளப்.

குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு இந்த விஷயம் புதிதல்ல. கடலைப் பார்த்துக் கோட்டை கட்டுவது நமக்கும் பழக்கம்தான். 1741ல் குளச்சலில் டச்சுக்காரர்களைத் தோற்கடித்த மார்த்தாண்ட வர்மா, பிடிபட்ட டிலனாயையே தன் படையைப் பழக்கும் தளபதியாக்கினார். வட்டக்கோட்டையும் உதயகிரிக் கோட்டையும் அந்தக் காலத்தில் பலப்படுத்தப்பட்டவை. இன்று வட்டக்கோட்டைக்கு ஜனங்கள் காற்று வாங்கப் போகிறார்கள். டிலனாயின் கல்லறை இருக்கும் உதயகிரிக் கோட்டை வனத்துறையின் பல்லுயிர்ப் பூங்கா. பீரங்கி இருந்த இடத்தில் ஊஞ்சல் வருவது சரித்திரத்தில் வழக்கமாக நடப்பதுதான். ஆனால் செந்தோசாவில் நடந்த அளவுக்கு எங்கேயும் நடந்திருக்குமா என்பது சந்தேகம்.

1942க்கு வருவோம். சிங்கப்பூரின் பீரங்கிகள் எல்லாம் கடலைப் பார்த்தபடி இருந்தன, ஜப்பான்காரன் பின்வாசல் வழியாக மலாயாவிலிருந்து வந்துவிட்டான், ஒரு குண்டுகூடச் சுட முடியவில்லை என்று ஒரு கதை உலகம் முழுக்கச் சொல்லப்படுகிறது. இது முழு உண்மை இல்லை. பல பீரங்கிகளை நிலத்துப் பக்கம் திருப்ப முடிந்தது, சுடவும் செய்தார்கள். கோளாறு குண்டில் இருந்தது. கையிருப்பில் இருந்தவை பெரும்பாலும் கப்பலின் இரும்புத் தகட்டைத் துளைப்பதற்கான குண்டுகள். சிப்பாய்க் கூட்டத்தின் மேல் விழுந்தால் அவை மண்ணுக்குள் புதைந்து போகும், சேதம் குறைவு. சிலோசோ பீரங்கிகள் எதிரி கையில் சிக்கக் கூடாது என்று பக்கத்து புக்கோம் தீவின் எண்ணெய்த் தொட்டிகளையும் சுட்டுக் கொளுத்தின. பிப்ரவரி 15ஆம் தேதி சரணடைதல். சரணடைந்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் இந்தியச் சிப்பாய்கள். அவர்களில் பலர் பின்னால் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தது நமக்குத் தெரிந்த கதை.

அடுத்து நடந்ததுதான் கொடூரம். ஜப்பான் ராணுவம் நகரத்துச் சீன ஆண்களை வரிசையில் நிறுத்தி, சந்தேகப்பட்டவர்களை லாரியில் ஏற்றிக் கடற்கரைகளுக்குக் கொண்டுபோய்ச் சுட்டது. சூக் சிங் படுகொலை என்று பெயர். செத்தவர்கள் சுமார் ஐயாயிரம் என்று ஜப்பான் தரப்பிலும் ஐம்பதாயிரம் வரை என்று சீனர்கள் தரப்பிலும் சொல்லப்பட்டது. சிலரைப் படகில் ஏற்றிக் கடலில் வைத்துச் சுட்டார்கள். குண்டு பாய்ந்த உடல்கள் பிளாக்காங் மாத்தியின் கரையில் வந்து ஒதுங்கின. அப்போது தீவில் சிறைக்கு அனுப்பப்படக் காத்திருந்த பிரிட்டிஷ் பீரங்கி வீரர்கள் அப்படி ஒதுங்கிய முந்நூறு உடல்கள் வரை புதைத்தார்கள். பெர்ஹாலா ரெப்பிங் என்ற பகுதி அது. இன்று அங்கே இருப்பது ஒரு கோல்ஃப் மைதானம். உலகத் தரப் போட்டிகள் நடக்கும் மைதானம், புல்வெளி அவ்வளவு அழகு.

யுத்தம் முடிந்தது, பிரிட்டிஷ்காரர்கள் திரும்பி வந்தார்கள், கொஞ்ச காலம் கூர்க்காப் படைகள் இருந்தன. 1965 ஆகஸ்டு 9ல் சிங்கப்பூர் தனி நாடானது. 1968 ஜனவரியில் பிரிட்டன் ஒரு குண்டைப் போட்டது: சூயஸுக்குக் கிழக்கே உள்ள படைகளை 1971க்குள் வாபஸ் வாங்கப் போகிறோம் என்று. கேட்க நல்ல செய்தி மாதிரி இருக்கும். ஆனால் சிங்கப்பூரின் மொத்த உற்பத்தியில் சுமார் இருபது சதவீதம் பிரிட்டிஷ் ராணுவத் தளங்களை நம்பி இருந்தது. சமையல்காரர், சலவைக்காரர், கப்பல் பட்டறைத் தொழிலாளி, கடைக்காரர் என்று ஆயிரக்கணக்கான பேரின் சோறு அது. நெய்வேலியில் நிலக்கரிச் சுரங்கத்தை ஒரே நாளில் மூடினால் ஊர் என்ன ஆகும் என்று யோசித்தால் ஓரளவு புரியும்.

காலியாகப் போகிற பிளாக்காங் மாத்தியை என்ன செய்வது? ஒரு பெரிய எண்ணெய் கம்பெனி சுத்திகரிப்பு ஆலை வைக்கக் கேட்டது. வேலை வேண்டும், முதலீடு வேண்டும், அன்னியச் செலாவணி வேண்டும். மறுக்க ஒரு காரணமும் இல்லை. தீவை எண்ணெய்க்குக் கொடுக்கக் கூடாது, மக்கள் ஓய்வெடுக்கும் இடமாக வைக்க வேண்டும் என்று எதிர்த்தவர் நகரச் சீரமைப்புப் பொறுப்பில் இருந்த ஆலன் சோ. நெதர்லாந்துக்காரரும் அரசின் பொருளாதார ஆலோசகருமான ஆல்பர்ட் வின்சிமியஸும் அந்தப் பக்கம் நின்றார். அரசு ஏற்றுக்கொண்டது. சிங்கப்பூர் மாதிரி மண்ணில்லாத நாட்டில், அதுவும் வேலையில்லாத் திண்டாட்டக் காலத்தில், எண்ணெய் ஆலையை வேண்டாம் என்று சொன்னது சாதாரண முடிவு அல்ல. அன்றைய கணக்குப் புத்தகத்தை மட்டும் பார்த்தால் அது நஷ்டக் கணக்கு. வணிகவியல் படிக்கிறவர்கள் 'ஆப்பர்ச்சூனிட்டி காஸ்ட்' என்ற பாடத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் தேட வேண்டாம்.

அடுத்த பிரச்சினை பெயர். சாவு என்ற பெயரை வைத்துக்கொண்டு டூரிஸ்டுகளைக் கூப்பிட முடியுமா? மக்களிடம் பெயர் கேட்டார்கள், செந்தோசா வந்தது. இந்த வித்தை சிங்கப்பூர் கண்டுபிடித்தது அல்ல. அட்லாண்டிக்கில் பஹாமாஸ் நாட்டில் ஹாக் ஐலண்ட், அதாவது பன்றித் தீவு என்று ஒன்று இருந்தது. ஹண்டிங்டன் ஹார்ட்ஃபோர்டு என்ற அமெரிக்கப் பணக்காரர் அதை வாங்கி பாரடைஸ் ஐலண்ட், சொர்க்கத் தீவு என்று பெயர் மாற்றினார். பின்னால் 1994ல் தென்னாப்பிரிக்க சூதாட்ட விடுதி முதலாளி சோல் கெர்ஸ்னர் அதை வாங்கி, அட்லாண்டிஸ் என்ற ராட்சச நீர்ப் பூங்கா ஓட்டலை எழுப்பினார். சுறா நீந்தும் தொட்டிக்கு நடுவே கண்ணாடிக் குழாயில் சறுக்கிப் போகும் படம் எல்லோரும் பார்த்திருப்பீர்கள், அது அங்கேதான். பன்றியும் சாவும் போய் சொர்க்கமும் சந்தோஷமும் வந்தன. இந்தக் கெர்ஸ்னர் பின்னால் இந்தக் கதைக்குள்ளேயே வருவார்.

1972 செப்டம்பர் 1ல் செந்தோசா மேம்பாட்டுக் கழகம் ஆரம்பமானது. தீவில் இருந்த கிராமத்து மீனவக் குடும்பங்கள் பெரிய தீவின் அடுக்குமாடிகளுக்கு மாற்றப்பட்டன. இது சிங்கப்பூரின் வரலாற்றில் ஒற்றை வரியில் முடிந்துவிடுகிறது. குமரிக் கடற்கரையில் இருப்பவர்களுக்கு அந்த ஒற்றை வரியின் கனம் தெரியும். 2016ல் இனயத்தில் பன்னாட்டுச் சரக்குப் பெட்டக மாற்று முனையத்துக்கு மத்திய அமைச்சரவை கொள்கை அளவில் ஒப்புதல் கொடுத்தபோது சொன்ன காரணமே, நம் நாட்டுச் சரக்கு கொழும்பிலும் சிங்கப்பூரிலும் கப்பல் மாறுகிறது என்பதுதான். மீனவ ஊர்கள் எழுந்து நின்று எதிர்த்தன. திட்டம் அங்கிருந்து நகர்ந்து கோவளம், மணக்குடிப் பக்கம் போனது, அங்கேயும் எதிர்ப்பு. கடைசியில் வரவில்லை. பிளாக்காங் மாத்தி மீனவர்களுக்கு அப்படி எதிர்க்கும் வாய்ப்பு இருந்ததா என்பது வேறு கேள்வி.

1974 பிப்ரவரியில் கேபிள் கார் வந்தது. சிலோசோ கோட்டையை மியூசியமாக்கினார்கள். மெழுகுப் பொம்மைகளை வைத்துச் சரணடைந்த காட்சியைக் காட்டினார்கள். 1982ல் மோனோ ரயிலும் இசை நீரூற்றும். கடற்கரைக்கு மணல் போதவில்லை என்று வெளிநாட்டு மணலை இறக்கிக் கொட்டினார்கள். தீவும் கடலை மண் போட்டுத் தூர்த்ததில் வளர்ந்துகொண்டே போனது. ஏறத்தாழ 280 ஹெக்டேர் இருந்தது 500 ஹெக்டேர் ஆனது! இங்கே மணவாளக்குறிச்சியில் மணலை வெளியே அள்ளுகிறோம், அங்கே மணலை உள்ளே கொட்டுகிறார்கள். கடற்கரை என்பது இயற்கை கொடுத்தது என்று நினைப்பவர்கள் செந்தோசாவில் காலில் ஒட்டும் மணலைத் தட்டும்போது அது எந்த நாட்டு மணல் என்று ஒரு தடவை கேட்டுக்கொள்ளலாம் :-)

1983 ஜனவரி 29, சனிக்கிழமை மாலை. கெப்பல் துறையிலிருந்து எனிவெட்டோக் என்ற எண்ணெய் துளையிடும் கப்பல் இழுவைப் படகு உதவியோடு கிளம்பியது. அதன் நடுவில் நிற்கும் இரும்புக் கோபுரம் கேபிள் கார் கம்பியில் சிக்கியது. இரண்டு பெட்டிகள் 55 மீட்டர் கீழே கடலில் விழுந்தன. ஏழு பேர் செத்தார்கள். இன்னும் நான்கு பெட்டிகளில் பதின்மூன்று பேர் அந்தரத்தில் மாட்டிக்கொண்டார்கள். ராத்திரி, பலத்த காற்று, ஹெலிகாப்டர் பக்கத்தில் வந்தாலே பெட்டி ஆடும். நடுநிசிக்குப் பின் விமானப்படை ஹெலிகாப்டர்கள் ஆளை இறக்கி ஒவ்வொருவராகத் தூக்கின. மீட்புப் பணியை நடத்திய கர்னல் பெயர் லீ சியன் லூங். 2004ல் பிரதமரானவர் அவர்தான்.

இனி வருவதுதான் இந்தத் தீவின் விசித்திரமான அத்தியாயம். செந்தோசாவில் நீண்ட நாள் தங்கிய விருந்தாளி யார்? எந்தப் பணக்காரரும் அல்ல. சியா தை போ.

சியா தை போ நன்யாங் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவர். பாரிசான் சோசியாலிஸ் என்ற எதிர்க்கட்சியின் சட்டமன்ற உறுப்பினர். 1966 அக்டோபரில் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் கைது செய்யப்பட்டார். வழக்கு இல்லை, விசாரணை இல்லை, தீர்ப்பு இல்லை. கம்யூனிஸ்டு கட்சி உறுப்பினர் என்பது அரசின் குற்றச்சாட்டு. வன்முறையைக் கைவிடுகிறேன் என்று எழுதிக் கொடுத்தால் விடுகிறோம் என்றார்கள். நான் எப்போது வன்முறை செய்தேன், கைவிடுவதற்கு என்று அவர் மறுத்துவிட்டார். இப்படியே 22 வருஷம் தாண்டியது. நெல்சன் மண்டேலா சிறையில் இருந்தது 27 வருஷம். மண்டேலாவை உலகத்துக்கே தெரியும், இவரைப் பக்கத்து நாடுகளிலேயே பலருக்குத் தெரியாது.

1989 மே 17ல் அவரை விடுவித்ததாக அரசு அறிவித்தது. விடுவித்த இடம் செந்தோசா! ஒற்றை அறைக் காவலர் வீடு ஒன்று. தீவை விட்டு வெளியே போகக் கூடாது. இதில் உச்சம் என்னவென்றால், நீங்கள் இப்போது சுதந்திர மனிதர், எனவே வீட்டுக்கு வாடகை கொடுக்க வேண்டும், சாப்பாட்டையும் நீங்களே வாங்கிச் சமைத்துக்கொள்ள வேண்டும் என்றார்கள். ஜெயிலில் வாடகை இல்லை, சொர்க்கத்தில் வாடகை உண்டு. 22 வருஷம் உள்ளே இருந்தவரிடம் காசு ஏது? சிலோசோ கோட்டை மியூசியத்தில் உதவிக் காப்பாளர் வேலை தருகிறோம் என்றார்கள். அரசு ஊழியரானால் அனுமதி இல்லாமல் பத்திரிகைக்காரர்களிடம் பேச முடியாது. அதைப் புரிந்துகொண்டு அவர் அந்த வேலையை வேண்டாம் என்றார். பேசிப் பார்த்து, செந்தோசாக் கழகத்துக்கே ஆவணங்களை மொழிபெயர்த்துக் கொடுக்கும் தற்காலிக வேலையை வாங்கிக்கொண்டார்.

யோசித்துப் பாருங்கள். கேபிள் காரில் டூரிஸ்டுகள் இறங்குகிறார்கள், மோனோ ரயிலில் குழந்தைகள் கையாட்டுகிறார்கள், சாயங்காலம் நீரூற்று பாட்டுக்கு ஆடுகிறது. அதே தீவில் ஒரு மனிதர் அரசாங்கக் கைதி. வந்தவர்களில் எத்தனை பேருக்கு அது தெரியும்? 1992ல்தான் பெரிய தீவில் போய்க் குடியிருக்க அவரை விட்டார்கள். மீதிக் கட்டுப்பாடுகள் எல்லாம் நீங்கியது 1998 நவம்பரில். கைதான நாளிலிருந்து கணக்குப் போட்டால் 32 வருஷம். நாடு கட்டிய திறமைக்காகச் சிங்கப்பூரைப் பாராட்டுகிறவர்கள் (பாராட்டத்தான் வேண்டும்) இந்தக் கணக்கையும் அதே பேலன்ஸ் ஷீட்டில் எழுதினால்தான் இரண்டு பக்கமும் டேலி ஆகும்.

அவர் அங்கே இருந்த அதே வருஷங்களில் தீவு வேகமாக மாறிக்கொண்டிருந்தது. 1991ல் அண்டர்வாட்டர் வேர்ல்டு மீன் காட்சியகம். 1992 டிசம்பரில் காரில் போகப் பாலம். 1994ல் ஃபேண்டஸி ஐலண்ட் என்ற முதல் பெரிய நீர்ப் பூங்கா. சறுக்கில் விபத்துகள் நடந்து அதன் பெயர் கெட்டது, 2000களின் தொடக்கத்திலேயே மூடிவிட்டார்கள். நீர் விளையாட்டில் பாதுகாப்பு என்பது முதல் செலவு, அதில் மிச்சம் பிடித்தால் மொத்த முதலும் போகும் என்று மற்ற முதலாளிகள் அதிலிருந்து தெரிந்துகொண்டிருப்பார்கள்.

2000களில் செந்தோசா உண்மையிலேயே பழசாகிப் போயிருந்தது. ஜோக்கின் இரண்டாம் பாதி உண்மையாகிக்கொண்டிருந்த காலம் அது. டூரிஸ்டுகள் பாங்காக்குக்கும் ஹாங்காங்குக்கும் போனார்கள். 2005 ஏப்ரல் 18ல் லீ சியன் லூங் நாடாளுமன்றத்தில் ஒரு முடிவை அறிவித்தார்: இரண்டு ஒருங்கிணைந்த உல்லாசத் தலங்கள், இரண்டிலும் சூதாட்ட விடுதி. அவருடைய அப்பா லீ குவான் யூ பல வருஷம் சூதாட்டத்தை எதிர்த்தவர். மதக் குழுக்களும் பொதுமக்களும் எதிர்த்தார்கள். அரசு ஒரு நடுவழி கண்டுபிடித்தது. வெளிநாட்டவருக்கு சூதாட்ட அறைக்குள் போக இலவசம். சிங்கப்பூர் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் ஒரு நாளைக்கு நுழைவுக் கட்டணம் 100 வெள்ளி. 2019ல் அதை 150 ஆக்கினார்கள். சொந்த மக்கள் வராமல் இருக்க டிக்கெட் போடும் வியாபாரம் உலகத்தில் அதிகம் இருக்காது. நம்ம ஊர் டாஸ்மாக்கை நினைத்துக்கொண்டு இதைப் படிக்க வேண்டாம், வயிறு எரியும்.

செந்தோசா இடத்துக்கு மூன்று பேர் போட்டி போட்டார்கள். அதில் ஒருவர்தான் முன்னால் சொன்ன அட்லாண்டிஸ் கெர்ஸ்னரின் கம்பெனி. 2006 டிசம்பரில் ஜெயித்தது மலேசியாவின் கெந்திங். மலை உச்சியில் கெந்திங் ஹைலண்ட்ஸ் கட்டிய லிம் கோ தோங் ஆரம்பித்த கம்பெனி அது. 49 ஹெக்டேர் நிலம், கடைசியில் ஆன செலவு 659 கோடி வெள்ளி. 2010 ஜனவரியில் முதல் ஓட்டல்கள் திறந்தன, பிப்ரவரி 14ல் சூதாட்ட விடுதி, மார்ச்சில் யுனிவர்சல் ஸ்டூடியோஸ். 2012 நவம்பரில் மீன் காட்சியகமும் அட்வென்ச்சர் கோவ் நீர்ப் பூங்காவும். காந்த விசையில் மேலே ஏறும் நீர்ச் சறுக்கு தென்கிழக்கு ஆசியாவில் அங்கேதான் முதலில் வந்தது. 620 மீட்டர் நீளத்துக்கு ஒரு செயற்கை ஆறு ஓடுகிறது, ரப்பர் வளையத்தில் படுத்தால் அதுவே கொண்டுபோகும். இருபதாயிரம் மீன்களுக்கு நடுவே நீந்த ஒரு செயற்கைப் பவளப் பாறை. பக்கத்து ஓட்டலில் 11 சூட் அறைகள், கீழ்த்தளத்தில் ஜன்னலுக்குப் பதில் மீன் தொட்டியின் கண்ணாடி. கட்டிலில் படுத்தபடியே திருக்கை மீனைப் பார்க்கலாம். முட்டத்திலும் குளச்சலிலும் விடிகாலையில் கரைக்குப் போனாலும் திருக்கையைப் பார்க்கலாம், ஆனால் ஏலத்தில்.

இந்த வியாபாரத்தின் சூட்சுமம் என்னவென்றால், சறுக்கும் மீனும் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு வரும், லாபத்தில் பெரும்பங்கு சூதாட்ட மேஜையிலிருந்து வரும். அதனால்தான் 'ஒருங்கிணைந்த' என்ற சொல். அப்பா உள்ளே, பிள்ளைகள் தண்ணீரில்!

விலை கொடுத்தது மனிதர்கள் மட்டும் அல்ல. சாலமன் தீவுகளில் பிடித்த 27 டால்பின்களை இந்தக் காட்சியகத்துக்காக வாங்கினார்கள். 2010ல் லங்காவியில் வைத்திருந்தபோது கிருமித் தொற்றில் இரண்டு செத்தன. 2012ல் பிலிப்பைன்ஸிலிருந்து விமானத்தில் வரும் வழியில் ஒன்று செத்தது. விலங்கு நல அமைப்புகள் வருஷக்கணக்காகப் போராடின, டால்பின்கள் திரும்பப் போகவில்லை. 2025 ஜூலையில் காட்சியகம் மூன்று மடங்கு பெரிதாகி ஓஷனேரியம் என்ற புதுப் பெயரில் திறந்தது.

ராணுவக் கட்டடங்கள் என்ன ஆயின என்பதும் கேட்க வேண்டிய கதை. 1880களில் பீரங்கிப் படை அதிகாரிகளுக்காகக் கட்டிய மாளிகைகள் 2009ல் கேப்பெல்லா ஓட்டல் ஆயின. புதிய பகுதியை வடிவமைத்தவர் நார்மன் ஃபாஸ்டர். 2018 ஜூன் 12ல் டிரம்பும் கிம் ஜோங் உன்னும் கை குலுக்கியது அந்த ஓட்டலில்தான். அந்தச் சந்திப்புக்குச் சிங்கப்பூர் அரசு செலவழித்தது 1 கோடியே 63 லட்சம் வெள்ளி. அதற்குக் கிடைத்த விளம்பரத்தை விலை கொடுத்து வாங்கியிருந்தால் எவ்வளவு ஆகியிருக்கும் என்று அங்கே கணக்குப் போட்டார்கள். 1904ல் சிப்பாய்களுக்காகக் கட்டிய இன்னொரு கட்டடம் 2019ல் 40 அறைகளோடு 'பாரக்ஸ் ஓட்டல்' என்ற பெயரிலேயே திறந்தது. மாதச் சம்பளத்துக்கு அங்கே வரிசையாகப் படுத்துக் கிடந்த சிப்பாய், ஒரு நாள் இதே சுவருக்குள் படுக்க ஜனங்கள் காசு கொடுப்பார்கள் என்று சொல்லியிருந்தால் வெயிலில் புத்தி பிசகிவிட்டது என்று நினைத்திருப்பார். சிலோசோ கோட்டைக்கு மட்டும் நல்ல கதி. சிங்கப்பூர் வீழ்ந்து சரியாக 80 வருஷம் ஆன 2022 பிப்ரவரி 15ல் அதைத் தேசியச் சின்னமாக அறிவித்தார்கள். அதைப் பார்க்கக் காசும் வேண்டாம். தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்கள் யுனிவர்சல் உருண்டை முன்னால் போட்டோ எடுத்த கையோடு அந்தப் பக்கம் ஒரு மணி நேரம் ஒதுக்கலாம்.

1960களில் வேண்டாம் என்று சொன்ன எண்ணெய், வேறு வழியாக வந்து சேர்ந்தது 2024ல். ஜூன் 14ஆம் தேதி பாசிர் பாஞ்சாங் முனையத்தில் நின்ற எரிபொருள் கப்பல் மேல் ஒரு தூர்வாரும் கப்பல் மோதியது. சுமார் 400 டன் எண்ணெய் கடலில் கலந்தது. அடுத்த நாளே சிலோசோ, பலாவான், தஞ்சோங் கடற்கரைகளில் கறுப்புத் திட்டுகள். கரையில் நடக்கலாம், கடலில் இறங்கக் கூடாது என்று அறிவிப்பு. வெள்ளை உடையும் கையுறையும் போட்ட ஆட்கள், வெளிநாட்டிலிருந்து வாங்கிக் கொட்டிய அந்த மணலை மூட்டை மூட்டையாக அள்ளினார்கள். வாரக்கணக்கில் வேலை நடந்தது. சுத்தமான கடற்கரைகளை ஒவ்வொன்றாகத்தான் திறந்தார்கள். அதற்கு அடுத்த வருஷம் மே மாதம் கேரளக் கடலில் எம்.எஸ்.சி. எல்சா 3 மூழ்கியபோது அதிலிருந்த பிளாஸ்டிக் குருணைகள் குமரிக் கடற்கரை வரை வந்து ஒதுங்கின. இங்கேயும் ஆட்கள் குனிந்து மணலைச் சலித்தார்கள். இங்கே வாடகை அறை எதுவும் காலியாகவில்லை. வலை போடப் போனவர்களுக்குத்தான் வருமானம் போனது.

இப்போது செந்தோசாவையும் பக்கத்து பிரானி தீவையும் சேர்த்து விரிவுபடுத்தும் திட்டம் கையில் இருக்கிறது. பிரானியில் இருக்கும் சரக்குப் பெட்டக முனையம் துவாஸுக்கு மாறிப் போகிறது. காலியாகும் இடத்தில் புதுப் பொழுதுபோக்குகள் வரும் என்று 2019லேயே அறிவித்துவிட்டார்கள்.